பூனைக்குட்டிக்கு முதல் வருட வைத்தியச் செலவு: தருமபுரி, கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

நம் பக்கம் பூனையைக் காசு கொடுத்து வாங்குகிறவர்கள் குறைவு. மாடிப்படிக்கு அடியில் ஈன்று வைத்தது, மாங்காய் மண்டியில் எலிக்காக விட்டிருந்த தாய்ப்பூனை போட்டது, மழைக்கு ஒதுங்கி வந்து அப்படியே தங்கிவிட்டது என்று எப்படியோ ஒரு குட்டி வந்து சேரும். ஓசூர்ப் பக்கம் மட்டும் பெங்களூரிலிருந்து பெர்சியன் வாங்கி வருகிற வழக்கம் கூடியிருக்கிறது. சும்மா வந்தாலும் சரி, பத்தாயிரம் கொடுத்து வந்தாலும் சரி, முதல் வருடம் டாக்டருக்கு ஆகிற செலவு இரண்டுக்கும் ஏறத்தாழ ஒன்றுதான். எல்லாவற்றையும் தனியார் கிளினிக்கிலேயே பார்த்தால் பெண் குட்டிக்குச் சுமார் 9,000 முதல் 13,000 ரூபாய் வரையும், ஆண் குட்டிக்கு 7,000 முதல் 10,000 ரூபாய் வரையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அரசு கால்நடை மருத்துவமனையைச் சரியாகப் பயன்படுத்தத் தெரிந்தால் இதில் கணிசமாக மிச்சம் பிடிக்கலாம்.

தொகையைப் பார்த்து மலைக்க வேண்டாம். இது ஒரே நாளில் கையை விட்டுப் போகிற பணமில்லை, ஆறேழு மாதத்தில் கொஞ்சம் கொஞ்சமாகப் போகும். எந்த மாதம் எதற்குச் செலவு என்று முன்கூட்டியே தெரிந்தால் சமாளித்துவிடலாம். ஆனால் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கையில் பணம் குறைவாக இருந்தால் தீனியில் சிக்கனம் பிடியுங்கள், படுக்கை, பொம்மை, பெல்ட் எதையும் வாங்காமல் விடுங்கள். தடுப்பூசியிலும் கருத்தடையிலும் மட்டும் கை வைக்காதீர்கள். பூனைக்குச் செலவு செய்து நொந்துபோன பெரும்பாலான வீடுகளில் இந்த இரண்டில் ஒன்றைத் தள்ளிப்போட்டிருப்பார்கள்.

முதலில் மாட்டாஸ்பத்திரி

குட்டி வீட்டுக்கு வருவதற்கு முன்பே செய்ய வேண்டிய வேலை இது. நம் இரண்டு மாவட்டங்களிலும் கால்நடை மருத்துவம் பால் மாட்டையும் ஆட்டையும் கோழியையும் சுற்றித்தான் அமைந்திருக்கிறது. பென்னாகரம், பாலக்கோடு, அரூர், ஊத்தங்கரை, தேன்கனிக்கோட்டை என்று எந்தப் பக்கம் போனாலும் கால்நடைப் பராமரிப்புத் துறையின் மருந்தகமோ மருத்துவமனையோ இருக்கும். மக்கள் வாயில் அது மாட்டாஸ்பத்திரி. பேரைக் கேட்டுவிட்டுப் பூனைக்கு அங்கே என்ன வேலை என்று நினைக்காதீர்கள். அங்கே இருக்கிற டாக்டர் படித்த படிப்பும் தனியார் கிளினிக் டாக்டர் படித்த படிப்பும் ஒன்றே. வித்தியாசம் மருந்து அலமாரியில்தான். மாட்டுக்கான கோமாரி ஊசியும் சினை ஊசியும் இருக்கிற அளவுக்குப் பூனைக்கான சாமான்கள் அங்கே இருக்காது.

அதனால் ஒரு நாள் குட்டி இல்லாமல் நேரில் போய் விசாரித்துவிட்டு வாருங்கள். குடற்புழு மருந்தும் வெறிநோய்த் தடுப்பூசியும் எப்போது கிடைக்கும், பூனைக்குக் கருத்தடை அறுவை செய்வார்களா, ட்ரைகேட் என்கிற பூனைத் தடுப்பூசியை நாமே வாங்கி வந்தால் போட்டுவிடுவார்களா, இவ்வளவுதான் கேட்க வேண்டியது. பல இடங்களில் முதல் இரண்டும் கிடைக்கும், மூன்றாவது ஆளையும் வசதியையும் பொறுத்தது, நான்காவதுக்குப் பெரும்பாலும் சரி என்பார்கள். காலை நேரம் நல்லது. அதிலும் கிராமங்களில் தடுப்பூசி முகாம் நடக்கிற நாட்களில் டாக்டர் முகாமுக்குப் போயிருப்பார், அதனால் கிளம்புமுன் ஒரு போன் போட்டுவிடுங்கள். கட்டணம் மிகவும் குறைவு. ஒரே சங்கடம், உங்கள் குட்டிக்கு முன்னால் நாலு கன்றுக்குட்டியும் குரைக்கிற நாயும் வரிசையில் நிற்கும். கூடையை ஒரு துண்டால் மூடி, வெளியே மரத்தடியில் காத்திருந்து, முறை வந்ததும் உள்ளே போனால் குட்டி மிரளாது.

தனியாருக்கு வந்தால் தருமபுரி, கிருஷ்ணகிரி நகரங்களிலும் ஓசூரிலும் நாய், பூனை பார்க்கிற கிளினிக்குகள் இருக்கின்றன. ஓசூரில் வசதி அதிகம், கட்டணமும் சற்றுக் கூடுதலாக இருக்கும். இங்கே முடியாத பெரிய விஷயங்களுக்கு, அதாவது எலும்பு அறுவை, ஸ்கேன், புரியாத நோய் போன்றவற்றுக்கு, தருமபுரிக்காரர்கள் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்குப் போகிறார்கள். தொப்பூர் கணவாய் இறங்கி, சேலம் தாண்டிப் போக வேண்டும், காரில் இரண்டு மணி நேரத்துக்குக் குறையாது. அரூர், பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் இருப்பவர்கள் சேலம் மாவட்டத்துத் தலைவாசல் கல்லூரியையும் யோசிக்கலாம். ஓசூர்க்காரர்களுக்குப் பெங்களூர் ஹெப்பால் கால்நடைக் கல்லூரி இருக்கிறது, ஆனால் அது நகரத்தின் மறுகோடி. சில்க் போர்டு நெரிசலைக் கணக்கில் வைத்து விடியற்காலையிலேயே கிளம்பிவிடுங்கள். கல்லூரி மருத்துவமனைகளில் தனியாரைவிடச் செலவு குறைவு. நேரம்தான் ஒரு முழு நாள் போய்விடும்.

கூடை

குட்டியைக் கையில் தூக்கிக்கொண்டு பைக்கில் ஏறாதீர்கள். லாரி ஹாரன் ஒன்று போதும், துள்ளிக் குதித்துவிடும். கடையில் விற்கிற பூனைப் பை 700 ரூபாய்க்கு மேல். கிருஷ்ணகிரிப் பக்கத்தில் அதற்கு ஒரு நல்ல மாற்று உண்டு. மாங்காய் ஏற்றுகிற பிளாஸ்டிக் கிரேட் இரண்டை எடுத்து, ஒன்றின் மேல் ஒன்றைக் கவிழ்த்து, ஒரு பக்கம் பிளாஸ்டிக் டேக் போட்டு இறுக்கி, மறுபக்கம் கயிற்றால் கட்டிவிடுங்கள். கீழே பழைய புடவைத்துணி. காற்று தாராளமாக வரும், மூத்திரம் போனால் கழுவிவிடலாம், டாக்டர் மேல் கிரேட்டை மட்டும் தூக்கிவிட்டுக் குட்டியை அங்கேயே வைத்துப் பார்க்கலாம். பஸ்ஸுக்கு இது பெரிது, ஆட்டோவுக்கும் காருக்கும் சரியாக இருக்கும். ஏப்ரல், மே மாதங்களில் மத்தியான வெயிலில் எதிலும் கொண்டுபோக வேண்டாம்.

முதல் வாரம்: பரிசோதனை, புழு, பூச்சி

குட்டி வந்த மூன்று நான்கு நாளுக்குள் ஒரு தடவை டாக்டரிடம் காட்டிவிடுங்கள். தனியாரில் பார்க்கிற கட்டணம் 200 முதல் 400 ரூபாய் வரை இருக்கும். பல்லையும் எடையையும் பார்த்து வயதைச் சொல்வார்கள். மூன்று நான்கு வாரத்தில் பால் பல் முளைக்கும், நான்காம் மாதத்துக்கு மேல் நிலையான பல் வரத் தொடங்கும். ஆணா பெண்ணா என்பதையும் அன்றே கேட்டுக்கொள்ளுங்கள், சின்னக் குட்டியில் நமக்குத் தெரிவது கடினம், கருத்தடைச் செலவோ அதைப் பொறுத்தே இருக்கிறது. ஏற்கெனவே வீட்டில் ஒரு பூனை இருந்தால் புதுக்குட்டியை இரண்டு வாரம் தனி அறையில் வையுங்கள். பூனைகளுக்குள் பரவுகிற ரத்தப் புற்று வைரஸ், எதிர்ப்புச் சக்திக் குறைவு வைரஸ் இரண்டுக்கும் ஒரே துளி ரத்தத்தில் பார்க்கிற கிட் உண்டு, 1,000 ரூபாய்க்கு மேல் ஆகும். ஒற்றைக் குட்டி மட்டும் வளர்க்கிறவர்கள், குட்டி சுறுசுறுப்பாக இருந்தால், இதை உடனே செய்தாக வேண்டியதில்லை. பல பூனை இருக்கிற வீட்டுக்கு இது அவசியம்.

குடற்புழு மருந்து மலிவு. சிரப்பானாலும் மாத்திரையானாலும் ஒரு தடவைக்கு நூறு ரூபாயைத் தாண்டாது. குட்டியில் இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை, மூன்று மாதம் ஆனபின் மாதம் ஒரு தடவை, ஆறு மாதத்துக்கு மேல் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை என்பது பொதுவான கணக்கு. அளவு எடையைப் பொறுத்தது. அதனால் நாய்க்கு வாங்கியதில் கிள்ளிக் கொடுக்கிற வேலை வேண்டாம்.

தெள்ளுப்பூச்சி விஷயத்தில் கொஞ்சம் நின்று பாருங்கள். குட்டியின் ஈறைத் தூக்கிப் பாருங்கள், இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். வெளுத்துப்போய் இருந்தால் பூச்சி ரத்தத்தை உறிஞ்சிவிட்டது என்று அர்த்தம், சின்னக் குட்டிகள் இதிலேயே செத்துப்போகும். பிடரியில் விடுகிற சொட்டு மருந்து ஒன்று 300 முதல் 600 ரூபாய் வரை. எட்டு வாரத்துக்குக் குறைந்த குட்டிக்குச் சொட்டு மருந்தை நீங்களாக விடாதீர்கள், பூச்சி சீப்பால் வாரி எடுப்பதே பாதுகாப்பு. வீட்டில் நாய் இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். நாய்க்கான சில பூச்சி மருந்துகளில் பெர்மெத்ரின் இருக்கிறது, அது பூனைக்கு விஷம். வலிப்பு வந்து உயிரே போகும். மலிவாகக் கிடைக்கிறதே என்று நாய்ப் பவுடரைப் பூனை மேல் தூவுவதும் அதே கதைதான்.

எட்டாவது வாரம்: ட்ரைகேட்

இந்தக் கட்டுரை எழுத உட்கார்ந்ததே இதைச் சொல்லத்தான். ட்ரைகேட் என்பது மூன்று நோய்க்கு எதிரான ஒரே ஊசி: பூனைக் காய்ச்சல் வகையைச் சேர்ந்த இரண்டு சளி நோய்கள், பான்லூக்கோபீனியா என்ற குடல் நோய். பலர் இந்த மூன்றாவதைப் பூனைப் பார்வோ என்பார்கள். ஒரு டோஸ் சுமார் 800 முதல் 1,500 ரூபாய். எட்டு ஒன்பது வாரத்தில் முதல் ஊசி, மூன்று நான்கு வாரம் கழித்து இரண்டாவது, பதினாறாவது வாரம் முடிந்தபின் இன்னொன்று, அப்புறம் ஒரு வருடம் கழித்து ஒன்று. தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி குட்டியின் உடம்பில் இருக்கிற வரை ஊசி சரியாகப் பிடிக்காது, அது எப்போது தீரும் என்பது குட்டிக்குக் குட்டி மாறும். அதனால்தான் ஒன்றோடு நிறுத்தாமல் அடுத்தடுத்துப் போடுகிறார்கள். பல இடங்களில் இரண்டோடு முடித்துவிடுகிறார்கள், பதினாறு வாரத்துக்குப் பிந்தைய அந்தக் கடைசி ஊசியை நீங்களே கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள்.

எங்கள் தெருவில் ஒரு அக்கா கேட்டார்: “பூனைக்குப் போயி ஆயிரம் ரூபா ஊசியா? நாங்க வளத்ததெல்லாம் ஊசி போட்டா வளந்துச்சு?” நான் திருப்பிக் கேட்டேன்: “ஒரு ஈத்துக்கு நாலஞ்சு போடுமேக்கா, அதுல எத்தன நின்னுச்சு?” கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “ஒண்ணு நிக்கும். சில தடவ அதுவும் நிக்காது” என்றார். நிற்காத குட்டிகளில் பலவற்றை “காத்துக் கருப்பு அடிச்சிருச்சு”, “பாம்பு தீண்டிருச்சு” என்று சொல்லிப் புதைத்திருப்பார்கள். அவற்றில் எத்தனையோ இந்த நோயில் போனவையாகத்தான் இருக்கும்.

இந்த நோய் வந்த குட்டியைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். காலையில் விளையாடிய குட்டி சாயங்காலம் மூலையில் சுருண்டுவிடும். மஞ்சளாக வாந்தி, கெட்ட நாற்றத்தோடு பேதி, சில சமயம் ரத்தம். தண்ணீர்க் கிண்ணத்துக்கு முன்னால் தலையைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருக்கும், ஆனால் குடிக்காது. வைரஸுக்கு நேரடி மருந்து கிடையாது. ட்ரிப் ஏற்றி, வாந்திக்கு ஊசி போட்டு, இன்னொரு கிருமி தொற்றாமல் காத்து, உடம்பு தானாக எழும் வரை தாங்கிப் பிடிப்பதுதான் வைத்தியம். நாலைந்து நாள் தினமும் கிளினிக்குக்கு அலைய வேண்டும், நாள் ஒன்றுக்கு 500 ரூபாய்க்குக் குறையாது, மருந்தும் போக்குவரத்தும் சேர்த்தால் 4,000, 5,000 என்று போய்விடும். அவ்வளவு செய்தும் பல குட்டிகள் பிழைப்பதில்லை.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். அந்த வைரஸ் வீட்டுத் தரையிலும் துணியிலும் ஒரு வருடம் வரை உயிரோடு இருக்கும். ஒரு குட்டி இறந்த சோகத்தை ஆற்றிக்கொள்ள அடுத்த மாதமே இன்னொரு குட்டியைக் கொண்டுவருகிறவர்கள், அதையும் இழப்பது இப்படித்தான். சானிடைசர் இதைக் கொல்லாது. ஒரு பங்கு திரவ ப்ளீச்சை முப்பது பங்கு தண்ணீரில் கலந்து துடைத்து, பத்து நிமிடம் ஊறவிட்டு, அப்புறம் நல்ல தண்ணீரால் அலசுங்கள். பினாயில் வேண்டவே வேண்டாம். பினாயில் வகையறா பூனைக்கு நஞ்சு, ஈரத் தரையில் நடந்து பாதத்தை நக்கினாலே உள்ளே போகும். பூனை இருக்கிற வீட்டில் பினாயிலை எப்போதுமே நிறுத்திவிடுவது நல்லது. அடுத்த பூனை வளர்ந்ததாக, ஊசியெல்லாம் முடித்ததாக வரட்டும்.

ஊசி வாங்குவதிலும் ஒரு கவனம். ட்ரைகேட் இரண்டு குட்டிக் குப்பிகளாக வரும். ஒன்றின் அடியில் வெள்ளையாக ஒரு வில்லை ஒட்டியிருக்கும், மற்றதில் தண்ணீர் மாதிரி திரவம். டாக்டர் திரவத்தை வில்லையில் விட்டு, ஆட்டிக் கரைத்து, உடனே போடுவார். இந்தக் குப்பி 2 முதல் 8 டிகிரிக் குளிரிலேயே இருக்க வேண்டும். அரசு மருத்துவமனையில் போட்டுக்கொள்ள நீங்களே கடையில் வாங்கிப்போவதாக இருந்தால், பிரிட்ஜிலிருந்து எடுத்துத் தருகிறார்களா என்று பாருங்கள், ஒரு பிளாஸ்கில் ஐஸ்பேக் போட்டு, குப்பி ஐஸை நேரடியாகத் தொடாதபடி துணி சுற்றி வைத்து, வேறெங்கும் நிற்காமல் நேராகப் போங்கள். மே மாதத்தில் சட்டைப்பையில் ஒரு மணி நேரம் வைத்திருந்த மருந்தைப் போடுவது தண்ணீரைப் போடுவதற்குச் சமம். போட்டு முடித்ததும் குப்பியின் ஸ்டிக்கரை உரித்துத் தடுப்பூசிப் புத்தகத்தில் ஒட்டி, தேதி போட்டு, டாக்டரிடம் கையெழுத்தும் சீலும் வாங்குங்கள். ஸ்டிக்கரில்தான் பேட்ச் எண்ணும் காலாவதித் தேதியும் இருக்கும். பெர்சியன் வாங்குகிறவர்கள், “எல்லா ஊசியும் போட்டாச்சு” என்ற வாய்ச்சொல்லை நம்பாமல் இந்த ஸ்டிக்கரைக் கேளுங்கள். ஸ்டிக்கர் இல்லையென்றால் ஊசி போடவில்லை என்றே வைத்துக்கொண்டு முதலிலிருந்து தொடங்குங்கள்.

ஊசி போட்டபின் கால் மணி நேரம் அங்கேயே இருங்கள். அன்றும் மறுநாளும் குட்டி சோர்ந்து தூங்கினால் பயமில்லை. முகம் வீங்கினாலோ, மூச்சு வாங்கினாலோ, விடாமல் வாந்தி எடுத்தாலோ உடனே திரும்பப் போங்கள்.

மூன்றாம் மாதம்: வெறிநோய் ஊசி

நாய்க்கடி என்றால் பதறுகிற நாம், பூனை பிறாண்டினால் மஞ்சள் வைத்துவிட்டு மறந்துவிடுகிறோம். வெறிநோய் பூனையிடமிருந்தும் வரும், வந்தபின் காப்பாற்ற வழியில்லை. மூன்று மாதம் முடிந்ததும் ஒரு ஊசி, பிறகு வருடா வருடம் ஒன்று. தனியாரில் 200 முதல் 400 ரூபாய். ஜூலை 6 விலங்குவழி நோய்கள் தினத்தையும் செப்டம்பர் 28 உலக வெறிநோய் தினத்தையும் ஒட்டி அரசு கால்நடை மருத்துவமனைகளில் இலவசத் தடுப்பூசி முகாம்கள் நடத்துவது வழக்கம். நாய்க்கு மட்டும் என்று நினைத்து விட்டுவிடாமல் பூனையையும் கொண்டுபோங்கள். ஆனால் முகாமுக்காக ஐந்தாறு மாதம் காத்திருக்க வேண்டாம், அந்த 300 ரூபாயைக் கொடுத்து நேரத்தோடு போட்டுவிடுவதே நல்லது.

வீட்டில் யாரையாவது கடித்தாலோ பிறாண்டி ரத்தம் வந்தாலோ குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மனிதர்களுக்கான ஊசி அங்கே இலவசம். பூனைக்கு ஊசி போட்டிருந்தாலும் டாக்டரிடம் காட்டாமல் நீங்களே முடிவு செய்யாதீர்கள்.

நாலைந்து மாதம்: கருத்தடை

முதல் வருடச் செலவில் பெரிய தொகை இதுதான். தனியாரில் கடுவனுக்கு 1,500 முதல் 3,500 ரூபாய், பெண்ணுக்கு வயிற்றைத் திறக்க வேண்டியிருப்பதால் 3,000 முதல் 6,000 ரூபாய் வரை. அறுவைக்கு முன் ரத்தப் பரிசோதனை 300 முதல் 600 ரூபாய், அப்புறம் வலி மருந்து, தையலை நக்காமலிருக்கக் கழுத்தில் மாட்டுகிற கூம்பு, தையல் பிரிக்கப் போகிற ஒரு நடை. விலை கேட்கும்போது இவையெல்லாம் சேர்த்தா, தனியா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு இடத்தில் 3,000 என்றும் இன்னொரு இடத்தில் 5,000 என்றும் சொன்னால், பெரும்பாலும் இரண்டாவதில் எல்லாம் அடக்கமாக இருக்கும்.

“ஒரு ஈத்து ஈனட்டும், அப்புறம் பண்ணலாம்” என்பது நம் ஊரில் எல்லார் வாயிலும் வருகிற பேச்சு. உடம்புக்கு அதனால் ஒரு நன்மையும் இல்லை. முதல் பருவத்துக்கு வருவதற்கு முன்பே செய்தால் பின்னாளில் மார்புக் கட்டி வருகிற வாய்ப்பு பெருமளவு குறைகிறது. பெண் குட்டி நான்காம் மாதத்திலேயே பருவத்துக்கு வந்துவிடலாம், நாமோ அதை இன்னும் குழந்தை என்று நினைத்துக்கொண்டிருப்போம். சினை ஒன்பது வாரம். பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே மறுபடி சினை பிடிக்கும். ஒரு பூனைக்கு 5,000 ரூபாய் கொடுக்க யோசித்த வீட்டில் வருடக் கடைசியில் எட்டுப் பத்துக் குட்டிகள் நிற்கும். அத்தனைக்கும் ஊசி போட யாரால் முடியும்? சாக்கில் கட்டிச் சந்தைப் பக்கம் கொண்டுபோய் விடுகிற கொடுமை இங்கிருந்துதான் ஆரம்பிக்கிறது.

கடுவனுக்கும் அப்படியே. வெளியே சண்டை போட்டுக் காதைக் கிழித்துக்கொண்டு வரும், கடிபட்ட இடம் சீழ் கட்டும், ஒவ்வொரு சீழுக்கும் 1,000 ரூபாய் போகும். வீட்டுச் சுவரெல்லாம் நாற்றமாகப் பீய்ச்சும். கருத்தடை ஆனபின் பெரும்பாலான கடுவன்கள் இதை விட்டுவிடும்.

அறுவை நாளன்று எத்தனை மணி நேரம் பட்டினி என்பதை டாக்டரிடம் தெளிவாகக் கேளுங்கள். பெரிய பூனைக்குச் சொல்கிற நேரம் குட்டிக்குப் பொருந்தாது, குட்டிக்கு நெடுநேரம் வயிறு காய்ந்தால் சர்க்கரை இறங்கிவிடும். திரும்பி வந்ததும் மயக்கம் முழுதாகத் தெளியும்வரை தரையிலேயே, இருட்டான, கதகதப்பான இடத்தில் வையுங்கள். தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கத்துக் குளிரில், மார்கழி மாதத்தில், வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வையுங்கள். பத்துப் பதினான்கு நாள் கூம்பைக் கழற்ற வேண்டாம். பார்க்கப் பாவமாக இருக்கிறது என்று கழற்றிவிட்டால் தையலைப் பிரித்துவிடும், மறுபடி மயக்கம், மறுபடி காசு.

கிளினிக்குக்குப் போகாமலிருக்கத் தட்டில் என்ன வைப்பது

தீனி இந்தக் கட்டுரையின் வேலையில்லை என்றாலும் வைத்தியச் செலவில் பாதி தட்டிலிருந்து வருகிறது. பூனைக்கு டாரின் என்ற சத்து மாமிசத்திலிருந்துதான் கிடைக்கும். அது இல்லாமல் தயிர்ச்சோறும் பால்சோறும் மட்டும் தின்று வளர்கிற பூனைக்குக் கண் பார்வை மங்கும், இதயம் வீங்கி வலுவிழக்கும். வளர்ந்த பூனைகளில் பலவற்றுக்குப் பால் செரிக்காது, “பேதி நிக்கவே மாட்டேங்குது” என்று வருகிறவர்களிடம் டாக்டர் முதலில் கேட்பது பாலைப் பற்றித்தான். கருவாட்டில் உப்பு அதிகம், ருசிக்கு எப்போதாவது என்றால் கூட நன்றாக அலசிக் கொடுங்கள். கோழி ஈரல், வேகவைத்த கோழி, முள் நீக்கி வேகவைத்த அணை மீன், அதோடு பாதியாவது கடையில் கிடைக்கிற பூனைத் தீனி. இப்படிக் கொடுத்தால் கால்சியம் டானிக், முடி வளர்ச்சிச் சிரப், விட்டமின் பேஸ்ட் எதுவும் தேவைப்படாது. டாக்டர் ஒரு காரணம் சொல்லி எழுதிக் கொடுத்தால் வாங்குங்கள், கடைக்காரர் சொன்னார் என்று வாங்காதீர்கள்.

அவசரத்துக்கு என்று 5,000 ரூபாய்

மேலே சொன்ன கணக்கில் இது சேராது. தனியாக எடுத்து வையுங்கள். மாதம் 400 ரூபாய் ஒரு டப்பாவில் போட்டாலும் வருடத்தில் கிட்டத்தட்டச் சேர்ந்துவிடும்.

எதற்கெல்லாம் விடிகிற வரை காத்திருக்கக் கூடாது என்று தெரிந்திருப்பது முக்கியம். கடுவன் மண்தட்டில் போய் உட்கார்ந்து முக்குகிறது, கத்துகிறது, சொட்டு மூத்திரமும் வரவில்லை என்றால் குழாய் அடைத்துவிட்டது என்று பொருள். பலர் இதை மலச்சிக்கல் என்று நினைத்து விளக்கெண்ணெய் கொடுத்து ஒரு நாளைக் கழித்துவிடுகிறார்கள். ஒன்றிரண்டு நாளில் உயிர் போய்விடும், அன்றே குழாய் போட்டு எடுத்தாக வேண்டும். வாயைத் திறந்து மூச்சு வாங்குவது, வலிப்பு, மாடியிலிருந்து விழுந்தது, குட்டி ஒரு நாள் முழுக்கத் தின்னாமல் இருப்பது, இவையும் அவசரம்தான்.

காய்ச்சலாக இருக்கிறதே என்று பாராசிட்டமாலை எக்காரணத்துக்கும் கொடுத்துவிடாதீர்கள். டோலோ, குரோசின், கால்பால், எந்தப் பேரில் வந்தாலும் அது பாராசிட்டமால்தான். குழந்தைக்குக் கொடுக்கிற அளவுகூடப் பூனையைக் கொன்றுவிடும். நாக்கு நீலம் பாய்ந்து, முகம் வீங்கிப் போய்விடும். தெரியாமல் கொடுத்துவிட்டால் மாத்திரை அட்டையோடு உடனே டாக்டரிடம் ஓடுங்கள், எவ்வளவு, எப்போது கொடுத்தீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள்.

ஓசூர்க்காரர்களுக்குத் தனியாக ஒன்று. விசேஷத்துக்கு வருகிற பூங்கொத்தில் ரோஜாவோடும் ஜெர்பராவோடும் லில்லிப் பூ இருந்தால் அதை வீட்டுக்குள் வைக்காதீர்கள். இதழ், இலை, மகரந்தம், ஜாடித் தண்ணீர் எல்லாமே பூனையின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். ரோஜா, ஜெர்பராவால் அந்தப் பயம் இல்லை.

ராத்திரி நேரத்தில் யார் போன் எடுப்பார்கள் என்பதைப் பகலிலேயே விசாரித்து, இரண்டு நம்பர்களை எழுதி பிரிட்ஜில் ஒட்டிவையுங்கள். 1962 என்ற அரசு எண் பெரும்பாலும் மாடு, ஆடுகளுக்கு வீடு தேடி வருகிற வண்டிக்கானது. பூனைக்கு வண்டி வராவிட்டாலும் பக்கத்தில் எந்த மருத்துவமனையில் டாக்டர் இருக்கிறார் என்று கேட்டுப் பார்க்கலாம்.

இரண்டாம் வருடத்திலிருந்து

செலவு சட்டென்று இறங்கிவிடும். வருடத்துக்கு ஒரு வெறிநோய் ஊசி, முதல் வருடம் முடிந்ததும் ஒரு ட்ரைகேட், அதற்குப் பிறகு எத்தனை வருடத்துக்கு ஒரு தடவை என்பதை வீட்டுக்குள்ளேயே இருக்கிற பூனையா வெளியே சுற்றுகிற பூனையா என்பதைப் பார்த்து டாக்டர் சொல்வார். நான்கு தடவை குடற்புழு மருந்து, ஒரு பரிசோதனை. எல்லாம் சேர்த்து 2,000 முதல் 3,500 ரூபாய்க்குள் அடங்கும். பெர்சியன் என்றால் முடிச்சு விழுந்த முடியை எடுக்கவும், ஒழுகுகிற கண்ணுக்குச் சொட்டு மருந்துக்கும் இன்னும் கொஞ்சம் சேர்த்துக்கொள்ளுங்கள். ஏழெட்டு வயதுக்கு மேல் வருடம் ஒரு தடவை ரத்தம் எடுத்துச் சிறுநீரகத்தைப் பார்த்துவிடுங்கள், பல்லையும் காட்டுங்கள்.